மலையகத்தில் மழைக்காலம்: மண்சரிவு, புயல், உறைபனி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுச் செய்தியில் பனிச்சரிவில் ஊரே புதைந்ததாகக் காட்டுகிறார்கள். நுவரெலியாவிலும் பனி விழுகிறதே, இங்கே அப்படி நடக்குமா?

நடக்காது. இலங்கையில் பனிமழை பெய்வதில்லை. நாட்டின் உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான், அதுவும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் நுவரெலியா, அம்பேவளை, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் புல் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது உறைபனி. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை குளிர்ந்துபோய் அது உண்டாகிறது. வெயில் ஏறினால் போய்விடும். போகும்போது தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்கிவிட்டுப் போகும் என்பதால் தோட்டத்துக்கும் மரக்கறிச் செய்கைக்காரருக்கும் அது நட்டம்தான். ஆனால் அதனால் ஒரு லயம் (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு) புதைந்தது என்று யாரும் கேள்விப்பட்டதில்லை.

இங்கே லயத்தைப் புதைப்பது மண். ஆகவே இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் மண்சரிவைப் பற்றித்தான் இருக்கும்.

எந்த மாதங்களில் கவனமாக இருக்க வேண்டும்?

நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் கொட்டும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனை, அப்புறம் கேகாலை, இரத்தினபுரி மாவட்ட மலைகள் எல்லாம் அந்தக் கணக்கு. அதே நாட்களில் பதுளை, வெலிமடைப் பக்கம் காய்ந்து கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று ஊவாவையும் கிழக்குச் சரிவையும் நனைக்கும்.

இரண்டுக்கும் நடுவில் வரும் ஒக்டோபர், நவம்பரைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பின்னேர இடிமழை மண்ணை முதலிலேயே ஊற வைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகும். கொஸ்லந்தையில் லயங்களைப் புதைத்த மீரியபெத்தை மலை சரிந்தது 2014 ஒக்டோபர் 29. டித்வா புயல் வந்தது 2025 நவம்பர் கடைசி வாரம். புயல் என்றால் கடற்கரைக்காரர் பாடு என்று நினைத்துக்கொண்டிருந்த நமக்கு டித்வா வேறு பாடம் நடத்தியது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் காற்றைவிட மழையும் மண்சரிவும்தான் ஆளை விழுங்கின.

மழை எல்லா வருடமும்தான் பெய்கிறது. ஒரு மலை நூறு வருடம் நின்றுவிட்டு ஏன் திடீரென்று சரிகிறது?

திடீரென்று சரிவதில்லை. நம் மலைகளில் அடியில் மிகப் பழைய பாறை இருக்கிறது. அதன் மேல் அந்தப் பாறையே உக்கி மண்ணான படை, சில இடங்களில் பல மீற்றர் ஆழத்துக்கு. வேறு சில இடங்களில் எப்போதோ மேலேயிருந்து சரிந்து வந்த கல்லும் மண்ணும் கலந்த குவியல். இந்தப் பழைய குவியல்மேல் நிலம் கொஞ்சம் சாய்வு குறைந்து, தண்ணீர் வசதியோடு, தேயிலை நடவும் லயம் கட்டவும் வாய்ப்பாக இருக்கும். ஊர்களும் தோட்டங்களும் அங்கே போய் உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

மழைநீர் உள்ளே இறங்கும்போது மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள் நிரம்புகின்றன. மண்ணின் பாரம் கூடுகிறது. உள்ளே தேங்கிய நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றையொன்று பிடிக்க விடாமல் தள்ளுகிறது. பாறைக்கு மேலே ஒரு வழுக்குப் படை உண்டாகி, பிடிமானம் பாரத்தைத் தாங்க முடியாத நேரத்தில் மேல்மண் மொத்தமாகக் கிளம்பிவிடும். நீர் உள்ளே போய்ச் சேர நேரம் எடுப்பதால், மழை விட்டு வெயில் அடித்த பிறகும், அடுத்த நாளும்கூடச் சரியலாம். "மழைதான் விட்டாச்சே" என்று துணி காயப் போட வீட்டுக்குத் திரும்புவது அதனால்தான் ஆபத்து.

இதில் மனிதக் கையும் இருக்கிறது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) வெட்டுவதும் தூர் எடுப்பதும் தனி வேலை. மலையில் விழும் தண்ணீர் கான் வழியே ஓடைக்குப் போய்விடும். இன்று ஆள் பற்றாக்குறை, செலவு என்று பல இடங்களில் கான்கள் தூர்ந்து புல் மூடிக் கிடக்கின்றன. தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை என்றால் உள்ளேதான் இறங்கும்.

மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை என்று வானொலியில் சொல்கிறார்கள். எனக்கு அதில் என்ன?

மண்சரிவு எச்சரிக்கையை விடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மழை எவ்வளவு என்பதை வைத்து மூன்று நிலை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேறத் தயாராகுங்கள். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், சிவப்பு: வெளியேறுங்கள்.

எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். உங்கள் டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு) எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் சேர்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தின் பெயரை வானொலியில் சொல்ல மாட்டார்கள். உங்கள் பிரிவு ஹல்துமுல்லை என்றால், "ஹல்துமுல்லை" என்று சொன்னதுமே அது நமக்குத்தான் என்று புரிய வேண்டும்.

வயதானவர், கர்ப்பிணி, நடக்க முடியாதவர், கைக்குழந்தை இருக்கும் வீடு செம்மஞ்சளிலேயே கிளம்பிவிடுவது நல்லது. சிவப்பு வருவது நடுராத்திரியாகவும் இருக்கலாம். வழுக்கும் படிக்கட்டில் அப்பாயியை முதுகில் சுமந்து இறங்குவதற்கு அது நேரமில்லை.

சிக்னல் இல்லை, கரண்டும் இல்லை. மழை எவ்வளவு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்களே அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமாக, நேராக இருக்கும் ஒரு பால்மா டின் போதும். விளிம்பு நெளிந்திருக்கக் கூடாது. மரத்தடியிலும் தகரக் கூரை விளிம்பிலும் வைக்காமல், வெட்டவெளியில் ஒரு கம்பில் கட்டி நிமிர்த்தி வையுங்கள். பள்ளிக்கூட அடிமட்டத்தை உள்ளே நேராக விட்டுப் பாருங்கள். தண்ணீர் ஏழரை சென்ரிமீற்றர் நின்றால் 75 மில்லிமீற்றர். அடிமட்டத்தில் பூச்சியத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்று இடம் இருக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். டின்னின் உள்பக்கம் 75, 100, 150 மட்டத்தில் நகப்பூச்சால் மூன்று கோடு போட்டுவிட்டால் இருட்டில் டோர்ச் அடித்தே பார்த்துவிடலாம்.

வாளியில் அளக்காதீர்கள். வாளி மேலே அகலம், கீழே ஒடுக்கம். தண்ணீர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

வளிமண்டலவியல் திணைக்களம் மழையைக் காலை எட்டரைக்குக் கணக்கெடுக்கிறது. நீங்களும் அந்த நேரத்துக்கே டின்னைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாக வைத்தால் வானொலி சொல்லும் கணக்கோடு ஒத்துப் பார்க்கலாம். ஆனால் கவிழ்ப்பதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று எழுதி வையுங்கள். மழை எட்டரைக்கு நிற்பதில்லை. நேற்று ராத்திரிப் பெய்த 60உம் இன்று காலை பெய்த 50உம் சேர்ந்தால் நீங்கள் செம்மஞ்சளில் இருக்கிறீர்கள்.

மலை சரியப் போகிறது என்பதற்கு அடையாளம் உண்டா?

பெரும்பாலும் உண்டு. தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்பு, அல்லது பழைய வெடிப்பு அகலமாவது. நேற்று வரை சரியாகப் பூட்டிய கதவு இன்று நிலையில் இறுகுவது. சவுக்கு மரமோ லைட் கம்பமோ வேலியோ ஒரு பக்கம் சாய்வது. தேயிலை நிரை ஓரிடத்தில் மட்டும் படி இறங்கியதுபோல் தாழ்ந்து நிற்பது.

தண்ணீரைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். பீலியில் (ஊற்றுத் தண்ணீர் விழும் குழாயில்) தெளிவாக வந்த தண்ணீர் கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது. இல்லாத இடத்தில் புது ஊற்றுக் கிளம்பினாலும், எப்போதும் ஓடும் ஊற்று நின்றுபோனாலும் உள்ளே நீர் வழி மாறியிருக்கிறது. எல்லாவற்றையும்விட மோசமானது, அடைமழையில் ஓடைத் தண்ணீர் சட்டென்று குறைவது. மேலே எங்கோ மண்ணும் மரமும் விழுந்து ஓடையை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அது உடைந்தால் சேறும் கல்லும் ஒன்றாக வரும். அந்த நேரத்தில் யாரையும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், கிளம்புங்கள்.

வெடிப்பு கண்டால் அதன் இரண்டு பக்கமும் ஆணி அடித்து, நடுவே உள்ள தூரத்தை அளந்து, திகதியோடு சுவரில் எழுதுங்கள். கூடிக்கொண்டே போனால் கிராம உத்தியோகத்தரிடம் காட்டப் பேச்சு வேண்டாம், அந்த எழுத்தே போதும்.

தாத்தா காலத்திலிருந்து இதே லயத்தில்தான் இருக்கிறோம். ஒவ்வொரு மழைக்கும் போ என்கிறார்கள். எங்கே போவது?

இதுதான் உண்மையான கேள்வி. மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சுலபம்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014இல் லயங்கள் புதைந்தது காலை நேரத்தில். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டில் இருந்த பெற்றோர் போய்விட்டார்கள். அந்த மலை ஆபத்தானது, ஆட்களை எழுப்ப வேண்டும் என்று 2005இலும் 2011இலும் ஏற்கனவே சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியிருக்க வீடு இருக்கவில்லை. "சொன்னோமே, ஏன் போகவில்லை" என்று லயத்துக்காரரைக் கேட்பது நியாயமில்லை. காணி அவர்கள் பெயரில் இல்லை, லயமும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையும் வீடும் ஒரே முடிச்சில் இருக்கிறது. இதற்குப் பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் கொடுப்பதைத் தவிர வேறு தீர்வு இல்லை. அதை அரசும் தோட்ட நிர்வாகமும் செய்ய வேண்டும், தொழிற்சங்கத் தலைவர்மார் கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரை ராத்திரிகளைக் கடக்க வேண்டுமே. வெயில் நாளில், எல்லோரும் நிதானமாக இருக்கும்போது, போகும் இடத்தை முடிவு செய்யுங்கள். பாடசாலையா, கோயில் மண்டபமா, பிள்ளைக் காம்பராவா (குழந்தைகள் காப்பகம்), ஸ்டோரா (தேயிலைத் தொழிற்சாலை), அடுத்த டிவிஷனில் இருக்கும் மாமா வீடா? அந்த இடமும் சரிவுக்குக் கீழே இல்லை என்று கட்டட ஆராய்ச்சி நிறுவன உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒரே மலையடியில் இருக்கும் கோயிலுக்கு ஓடிப் பயனில்லை. சாவி யாரிடம், எந்த நேரத்தில் தட்டினாலும் திறப்பாரா என்பதையும் பேசிவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பூட்டிய மண்டபத்தின் முன்னால் குடையோடு நிற்கும் கூட்டம் அடுத்த முறை கிளம்பாது.

துணை அதிகாரியிடமோ துரையிடமோ (தோட்ட முகாமையாளரிடமோ) "கொஞ்சம் பாருங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கடிதமாகக் கொடுத்து, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தருக்கும் ஒன்றைப் பிரதேச செயலகத்துக்கும் கொடுங்கள். தங்கள் பிரதியில் திகதியோடு ஒப்பம் வாங்குங்கள்.

பையில் என்ன வைக்க வேண்டும்?

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கடிதங்கள், கிளினிக் கொப்பி, எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டுக் கட்டுங்கள். அதோடு மருந்து மாத்திரை, டோர்ச், கொஞ்சம் பிஸ்கட், ஒரு மாற்றுத் துணி, போர்வை. அவ்வளவுதான். தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்க நினைத்தால் நேரம் போய்விடும்.

ராத்திரியில் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது?

மரம் முறியும் சத்தமும் கல் உருளும் சத்தமும் தரை அதிர்வதும் சேர்ந்து வந்தால் மண் கிளம்பிவிட்டது. கீழ்நோக்கி ஓடாதீர்கள், அது உங்களைவிட வேகமாக வரும். பக்கவாட்டில், ஓடைக்கும் பள்ளத்துக்கும் விலகி, மேடான இடத்துக்குப் போங்கள். சேறு எப்போதும் பள்ளத்தைப் பிடித்துத்தான் வரும். எந்தப் பக்கம் மேடு, நடுவில் கம்பி வேலி இருக்கிறதா என்பதைப் பகலிலேயே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருதரம் நடந்து பாருங்கள்.

சுவிஸில் இருக்கும் மச்சான், அங்கே பனிச்சரிவுக்கு ஐந்து நிலை எச்சரிக்கை இருக்கிறது என்கிறான். நமக்கு ஏன் மூன்றுதான்?

மச்சான் சொல்வது சரிதான். ஐரோப்பாவில் பனிச்சரிவு ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுகிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் பனிச்சறுக்குக்கும் மலையேற்றத்துக்கும் போகிறவர் "இன்று இந்தச் சரிவுக்குப் போகலாமா" என்று முடிவு செய்ய உதவும் அளவு. அங்கே ஆபத்துக்குள் போவது பாதிக்கு மேல் விரும்பிப் போகிறவர்கள். இங்கே ஆபத்து இருக்கும் இடத்தில்தான் ஆள் தூங்குகிறார். பார், தயாராகு, போ என்ற மூன்று கட்டளை நமக்குப் போதும்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மச்சானிடம் சொல்லுங்கள். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்விலிருந்துதான் கிளம்பும், அதனால் சாய்வைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஊறிய மண்ணுக்கு அவ்வளவு சாய்வு தேவையில்லை. "எங்கள் இடம் அப்படியொன்றும் செங்குத்து இல்லை" என்பது இங்கே காப்பாற்றாது.

ஊருக்கு வரும் வழி எப்படி? ரயிலா பஸ்ஸா?

அடைமழையில் இரண்டும் வேண்டாம். பதுளை ரயில்பாதையில் மண்மேடு விழுந்து சேவை தடைப்படுவது மழைக்காலத்துச் சாதாரணச் செய்தி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கிளம்பும் முன் நிலைமையைக் கேட்டுவிட்டு வாருங்கள். இந்த இரண்டு பண்டிகையும் மழை மாதத்தில் வருவது நம் தலையெழுத்து. பெரகலை, கொஸ்லந்தை, வெல்லவாய வீதியிலும் கடுகண்ணாவையிலும் ரம்பொடைப் பக்கமும் வெட்டிய மண்மேட்டுக்குக் கீழே வாகனத்தை நிறுத்தித் தேநீர் குடிக்காதீர்கள். வீதியில் சின்னச் சின்னக் கல் விழுந்து கிடந்தால் பெரியது பின்னால் வரக்கூடும். மூடுபனியில் விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்திப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும்.

மின்னல், காற்று?

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மோசம். மலையில் கொழுந்து பறிக்கும்போது இடி கேட்டால் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குக் காத்திராமல் இறங்கிவிட வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. ஜூன், ஜூலைக் காற்றுக்குக் கூரைத் தகரத்தைக் கல் வைத்து அழுத்துவதைவிடக் கம்பியால் இறுக்குவது மேல். கல்லும் சேர்ந்து பறந்துவிடும்.

நீர்த்தேக்கத்துக்குக் கீழே ஆற்றோரம் இருக்கிறோம். எங்களுக்கு?

லக்ஷபான, கெனியன், மேல் கொத்மலை போன்றவற்றின் வான்கதவு திறக்கும்போது ஆறு சில நிமிடத்தில் உயரும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்திருக்கும். சைரன் கேட்டால் துணியையும் வாளியையும் விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

ஏழு பேர்ச் காணி கிடைத்திருக்கிறது. வீடு கட்டும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை. மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு அது தேவை, தேவையில்லாவிட்டாலும் வாங்கச் சொல்வேன். அப்புறம், மேட்டை வெட்டித் தரை எடுப்பதில் பேராசை வேண்டாம். மலையகத்தில் ஒன்றிரண்டாக நடக்கும் மரணங்கள் பல பெரிய மண்சரிவில் இல்லை. குசினியை இன்னும் நாலடி நீட்டுவதற்காகப் பின்பக்க மேட்டைச் செங்குத்தாக வெட்டி, அது ஒரு மழை ராத்திரியில் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுவதில்தான் இருக்கின்றன. வெட்டத்தான் வேண்டுமென்றால் சாய்வாக வெட்டி, படி விட்டு, சுவருக்கும் மேட்டுக்கும் இடைவெளி விடுங்கள். அணைசுவர் கட்டினால் தண்ணீர் வடியத் துளை வையுங்கள். துளையில்லாத சுவர் தண்ணீரைத் தேக்கி, தானே விழுந்துவிடும். கூரைத் தண்ணீரையும் குசினித் தண்ணீரையும் குழாயில் கானுக்கு விடுங்கள், மேட்டு மண்ணில் விடாதீர்கள்.

வெட்டிவேர் நட்டால் மேல்மண் அரிப்புக் குறையும், நல்லதுதான். அடியிலிருந்து கிளம்பும் மலையை வெட்டிவேர் பிடித்து நிறுத்தாது.

போன முறை சிவப்பு என்றார்கள், மூன்று நாள் பாடசாலையில் கிடந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறையும் போக வேண்டுமா?

வேண்டும். மழையை அளந்து விடுகிற எச்சரிக்கை அது, எந்த மலை எந்த மணிக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று நாள் சம்பளம் போனது, வீட்டில் கோழி காணாமல் போனது, கழிப்பறைக்கு வரிசை, எல்லாம் உண்மை. அந்தக் குறைகளைப் பிரதேச செயலகத்தில் சண்டை போட்டுக் கேளுங்கள். லயத்தில் தூங்கிக்கொண்டு கேட்காதீர்கள்.

எப்போது திரும்பலாம்?

எச்சரிக்கையை நீக்கிய பிறகு, பகலில். வெடிப்போ சரிவோ இருந்த இடமென்றால் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்த்துச் சொன்ன பிறகு. ஆண்கள் மட்டும் முன்னால் போய் "சாமான் பார்த்துவிட்டு வருகிறோம்" என்பதும் திரும்புவதுதான். ஒரு தடவை சரிந்த மலை அதே இடத்தில் மறுபடியும் இறங்கலாம். தேடப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்: கையில் மண்வெட்டியோடு ஓடும் முன் ஒருவரை மேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வையுங்கள், அவர் கத்தினால் எல்லோரும் விலக வேண்டும். புதைந்த வீட்டில் எத்தனை பேர், எந்தக் காம்பராவில் படுப்பார்கள் என்பதை அயலவர்தான் மீட்க வருகிறவர்களுக்குச் சொல்ல முடியும். அறுந்த மின்கம்பியைத் தாண்டாதீர்கள்.

எந்த எண்ணுக்கு அழைப்பது?

அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. அம்புலன்ஸ் 1990. பொலிஸ் 119. அழைக்கும்போது மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, தோட்டம், டிவிஷன், லய இலக்கம் என்ற வரிசையில் சொல்லுங்கள். "மேல் டிவிஷன்" என்று மட்டும் சொன்னால் வெளியாருக்கு விளங்காது. கிராம உத்தியோகத்தரின் எண்ணைத் தொலைபேசியில் மட்டுமல்லாமல் கதவுக்குப் பின்னாலும் எழுதி வையுங்கள்.